"ஹார்மோன் ரிப்போர்ட் நார்மல், ஆனா பரு போகல" – அப்படின்னா என்ன அர்த்தம்?

பிரிவு: தோல் நலம் | விவாத இழை

சருமச்சாவடி
இந்தப் பிரிவில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. பரு நிற்கவில்லை, ஆயிரக்கணக்கில் செலவழித்து ஹார்மோன் பரிசோதனை எடுத்தாச்சு, எல்லாம் நார்மல், அப்போ இது ஹார்மோன் பரு இல்லைதானே?

இளவயதில் வரும் பரு கிட்டத்தட்ட எல்லாமே ஹார்மோன் பருதான். ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு ஓடுகிறது என்பது ஒரு கணக்கு. முகத்திலுள்ள எண்ணெய்ச் சுரப்பி அதை வைத்து என்ன செய்கிறது என்பது இன்னொரு கணக்கு. லேப் அளப்பது முதல் கணக்கை மட்டும்.

நடப்பது இதுதான். ஆறு முதல் எட்டு வயதுக்குள் அட்ரீனல் சுரப்பி விழித்துக்கொண்டு டிஎச்இஏ-எஸ் என்ற பலவீனமான ஆண்ட்ரோஜனை, அதாவது ஆண்தன்மை ஹார்மோனை, சுரக்கத் தொடங்கும். அதனால்தான் சில பெண் குழந்தைகளுக்கு வயதுக்கு வருவதற்கு ஓரிரு வருஷம் முன்பே நெற்றியிலும் மூக்கிலும் பொடிப்பொடியாக பிளாக்ஹெட், ஒயிட்ஹெட் வந்துவிடுகிறது. பிறகு சினைப்பையோ விரையோ டெஸ்டோஸ்டிரோனைக் கொண்டுவந்து சேர்க்கும். எண்ணெய்ச் சுரப்பிக்குள் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியின் முதல் வகை இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை அங்கேயே டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக, சுருக்கமாக டிஎச்டியாக, மாற்றிவிடும். ஆண்ட்ரோஜன் ஏற்பியை, அதாவது செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தை, பிடித்துக்கொள்வதில் டிஎச்டி பல மடங்கு கெட்டி. சுரப்பி பெரிதாகும், எண்ணெய் கூடும், மயிர்க்கால் துளையின் வாயில் செத்த செல்கள் ஒட்டி அடைப்பு விழும். அடைப்புக்குப் பின்னால் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் கிருமி பெருகும், வீக்கம் வரும்.

இந்த மாற்றம் முழுக்கத் தோலுக்குள்ளேயே நடக்கிறது. ரத்தக் குழாயில் ஊசி குத்தி எடுத்த 5 மில்லியில் அது தெரியாது. பரு உள்ள பெண்களில் பெரும்பாலானோருக்கு ரத்த அளவு இயல்பாகவே இருக்கும்.

தொண்ணூறுநாள்
இது வசதியான பதில். ரிப்போர்ட் கெட்டு வந்தாலும் ஹார்மோன்தான், நல்லா வந்தாலும் ஹார்மோன்தான். சுரப்பியின் உணர்திறன் என்று சொல்லிவிட்டால் யாராலும் அளந்து மறுக்க முடியாது. ஆண்ட்ரோஜன் இல்லாமல் பரு வராது என்பதற்கு நேரடியான சான்று என்ன?

சருமச்சாவடி
நியாயமான கேள்வி. மூன்று சான்று சொல்கிறேன்.

ஒன்று, முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை. குரோமோசோமில் எக்ஸ்-ஒய், அதாவது ஆண், டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் தாராளமாக இருக்கும், ஆனால் ஏற்பி வேலை செய்யாது. இவர்களுக்குப் பரு வருவதில்லை. ரத்த அளவு முக்கியமில்லை, ஏற்பிதான் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. இரண்டு, பருவமடைவதற்கு முன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் அவர்களில் சிலருக்கு வருகிறது. மூன்றாவது கொஞ்சம் வேறு பாதை: லாரன் குறைபாடு. இதில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி பிறவியிலேயே மிகக் குறைவு. அதை மருந்தாக ஏற்றி, அளவு மிஞ்சிப்போனபோது சிலருக்குப் பரு வந்தது. அளவைக் குறைத்ததும் போனது.

இந்த மூன்றாவதை மறந்துவிட வேண்டாம். பரு உச்சத்துக்கு வரும் வயது டெஸ்டோஸ்டிரோன் வரைபடத்தைவிட ஐஜிஎஃப்-1 வரைபடத்தோடுதான் நன்றாகப் பொருந்துகிறது. 25 வயது ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிடுவதில்லை. ஆனாலும் பலருக்குப் பரு அடங்கிவிடும். ஐஜிஎஃப்-1 அதற்குள் இறங்க ஆரம்பித்திருக்கும்.

குழாய்நம்பர்7
ஆய்வகப் பக்கத்திலிருந்து. "நார்மல்" என்று அச்சாகி வருவதில் பாதிக் குழப்பம் பரிசோதனை எடுத்த விதத்தால் வருவது.

மாதவிலக்கு தொடங்கிய 2 முதல் 5-ஆம் நாளுக்குள், காலையில் எடுக்க வேண்டும். 18-ஆம் நாள் மாலை எடுத்த 17-ஓஎச் புரோஜெஸ்டிரோனை (அட்ரீனல் நொதிக் குறைபாட்டைத் தேடும் பரிசோதனை) வைத்து எதுவும் பேச முடியாது. சினைமுட்டை வெளியான பின் அது தானாகவே ஏறியிருக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நிறுத்தி மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மாத்திரை எஸ்எச்பிஜியை, அதாவது ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்போடும் புரதத்தை, தூக்கி, டெஸ்டோஸ்டிரோனை அமுக்கிவிடும். அந்த நேரத்து ரிப்போர்ட் மாத்திரையின் ரிப்போர்ட், ஆளின் ரிப்போர்ட் இல்லை. பரிசோதனைக்காகத் தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, எழுதிக் கொடுத்தவரைக் கேட்க வேண்டும்.

அடுத்தது பயோட்டின் என்ற வைட்டமின். முடி கொட்டுவதற்கென்று 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஒரு நாள் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். பல தானியங்கிக் கருவிகள் பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பை வைத்தே அளக்கின்றன. அப்படிப்பட்ட கருவியில் டெஸ்டோஸ்டிரோன் மாதிரி சின்ன மூலக்கூறுகள் பொய்யாகக் கூடிக் காட்டும். எஸ்எச்பிஜி, தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்எச் போன்றவை பொய்யாகக் குறைந்து காட்டும். இரண்டும் சேர்ந்தால் இல்லாத ஆண்ட்ரோஜன் மிகுதி காகிதத்தில் வந்துவிடும். ரத்தம் கொடுக்கும் முன் குறைந்தது 2–3 நாள் பயோட்டினை நிறுத்துங்கள். லேபில் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாகச் சொல்லுங்கள்.

மொத்த டெஸ்டோஸ்டிரோனை மட்டும் பார்ப்பதும் தவறு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மொத்தம் 50 நானோகிராம்/டெசிலிட்டர் என்று வைப்போம். 0.0347-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.73 நானோமோல்/லிட்டர். ஆண்ட்ரோஜன் குறியீடு = இதை 100-ஆல் பெருக்கி எஸ்எச்பிஜியால் (அதுவும் நானோமோல்/லிட்டரில்) வகுப்பது.

எஸ்எச்பிஜி 60 என்றால்: 173 ÷ 60 = 2.9
எஸ்எச்பிஜி 20 என்றால்: 173 ÷ 20 = 8.7

மொத்த அளவு ஒன்றேதான். ஆனால் கட்டுப்படாமல் திரியும் ஆண்ட்ரோஜனைக் காட்டும் குறியீடு இரண்டாமவருக்கு மூன்று மடங்கு. பெண்களுக்கு இந்தக் குறியீடு 5-ஐத் தாண்டினால் பொதுவாகக் கவனிப்பார்கள். எல்லை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். ஆண்களுக்கு இந்தக் குறியீட்டைப் போடக் கூடாது, அங்கே எண்கள் பொருந்தாது.

தொண்ணூறுநாள்
எஸ்எச்பிஜி எதனால் குறைகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது.

குழாய்நம்பர்7
அதிகமாகச் சுற்றும் இன்சுலின்தான் முதல் காரணம். கல்லீரல் எஸ்எச்பிஜி தயாரிப்பதைக் குறைத்துவிடும். உடல் எடை, கொழுப்புக் கல்லீரல், தைராய்டு குறைவு இவையும் உண்டு.

யாழ்நிலா
பெண்ணோயியல் பக்கத்தில வேலை செய்யிறன். ஒண்டைச் சொல்ல வேணும். பதினாறு வயசுப் பிள்ளைக்கு முகத்தில பரு எண்டவுடன ஸ்கான் எடுத்து, "சின்னச் சின்ன நீர்க்கட்டி கிடக்கு, உங்களுக்குப் பிசிஓஎஸ்" (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) எண்டு சொல்லி அனுப்புறது பிழை. அந்த வயசில சினைப்பையில நிறைய நுண்குமிழ் இருக்கிறது சாதாரணம். 2023 சர்வதேச வழிகாட்டல் வடிவாச் சொல்லுது: சாமத்தியப்பட்டு (வயசுக்கு வந்து) 8 வருடத்துக்குள்ள ஸ்கானை வைச்சுப் பிசிஓஎஸ் எண்டு முடிவு கட்டக் கூடாது.

வளர்ந்த பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லாமை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கானில நிறைய நுண்குமிழ் எண்ட மூண்டு அறிகுறியில ரெண்டு போதும். இளம் பிள்ளைக்கு ரெண்டு கட்டாயம்: மாதவிலக்கு ஒழுங்கில்லாமை, அதோட ஆண்ட்ரோஜன் மிகுதி. மிகுதி உடம்பிலயும் தெரியலாம், ரத்தத்திலயும் தெரியலாம்.

ஒழுங்கில்லாமை எண்டால் எது? முதல் வருடத்தில முன்னப்பின்ன வந்தால் அது இயல்பு, விடுங்கோ. 1 தொடக்கம் 3 வருடத்துக்குள்ள எண்டால் 21 நாளுக்குக் குறைய அல்லது 45 நாளுக்கு மேல. 3 வருடம் தாண்டினால் 21-க்குக் குறைய அல்லது 35-க்கு மேல. முதல் வருடம் முடிஞ்ச பிறகு ஒரே ஒரு தடவை 90 நாளுக்கு மேல இழுத்தாலும் பாக்க வேணும். 15 வயசாகியும் சாமத்தியப்படேல்லை எண்டால் அதுவும்.

பருவோட சேர்த்து என்ன இருந்தால் பரிசோதனை வேணும் எண்டு கேட்டால்: மேலுதடு, நாடி, நெஞ்சு, அடிவயித்தில தடிச்ச கறுத்த முடி; உச்சந்தலையில முடி ஐதாகிறது; கழுத்துப் பிடரியில வெல்வெற் மாதிரிக் கறுப்பு; மருந்து ஒழுங்காய்ப் பாவிச்சும் கேளாத பரு. குரல் தடிக்கிறது, கொஞ்ச மாதத்துக்குள்ள மளமளவெண்டு முடி வளருறது எண்டால் காத்திருக்கக் கூடாது. மொத்த டெஸ்டோஸ்டிரோன் 150–200 நானோகிராம்/டெசிலிட்டரைத் தாண்டினாலோ டிஎச்இஏ-எஸ் 700 மைக்ரோகிராம்/டெசிலிட்டரைத் தாண்டினாலோ கட்டி இருக்குதோ எண்டு தேடுவினம். 17-ஓஎச் புரோஜெஸ்டிரோன் காலையில 200 நானோகிராம்/டெசிலிட்டருக்கு மேல எண்டால் அட்ரீனல் நொதிக் குறைபாட்டுக்கு அடுத்த பரிசோதனை.

இதில ஒண்டும் இல்லாத, மாதவிலக்கு ஒழுங்கா வாற பிள்ளைக்கு வெறும் பருவுக்காக ஹோர்மோன் பரிசோதனை தேவையே இல்லை.

சருமச்சாவடி
இதோடு ஒரு வயது வரம்பையும் சேர்க்கிறேன். பிறந்த சில வாரங்களில் வரும் பரு தானாகப் போய்விடும். ஆனால் 1 முதல் 7 வயதுக்குள் பரு வருவது அரிது. அந்த வயதில் வந்தால் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள், எலும்பு வயதுக்கு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள்.

"தாடையோரம் வந்தால் ஹார்மோன், நெற்றியில் வந்தால் வயிறு" என்று ஒரு முகப்படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வயிற்றுக்கும் நெற்றிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 25 தாண்டிய பெண்களுக்குத் தாடை, நாடிப் பக்கம் அதிகம் வருவது உண்மை; மாதவிலக்குக்கு ஒரு வாரம், பத்து நாள் முன் கூடுவதும் உண்மை. ஆனால் அதை மட்டும் வைத்து யாருக்கும் பிசிஓஎஸ் என்று முத்திரை குத்த முடியாது.

வைகைக்கரை
பொண்ணுங்க கதையே ஓடுது. பசங்களுக்கு என்ன வழிண்ணே? ஜிம்முல சேர்ந்து ரெண்டே மாசத்துல முதுகு பூரா கொப்புளமா வருதே, அது டெஸ்டோஸ்டிரோன் ஏறுறதாலன்னு பெருமையா வேற சொல்றாய்ங்க.

எடை தூக்குறதால ஒருத்தனுக்கும் அப்படி வராது. மூணு காரணத்தைப் பாக்கணும். மொதோ காரணம் வே புரோட்டீன். பால் புரதத்துல அது இன்சுலினைச் சட்டுன்னு தூக்கி விடுற பாகம். அளவுக் கரண்டி ஒண்ணுக்கு 24 கிராம் புரதம், நாளைக்கு ரெண்டு மூணு கரண்டின்னா சுரப்பிக்குத் தீனி போட்ட மாதிரி. எல்லாருக்கும் வராது, வர்றவனுக்கு விடாது. நிறுத்திட்டுப் பன்னெண்டு வாரம் பாரு. அந்தப் புரதத்தை முட்டை, கடலை, சோயாவுல எடுத்துக்க.

ரெண்டாவது தசை ஏத்துற ஸ்டீராய்டு ஊசி. டெஸ்டோஸ்டிரோன் எஸ்டர், நான்ட்ரலோன், ஸ்டானசோலால். இதுல வர்ற பரு சும்மா பரு இல்ல. நெஞ்சு, தோள், முதுகுல சீழும் புண்ணுமா, காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்து வந்தா அதுக்கு ஆக்னே ஃபல்மினன்ஸ்னு பேரு. டாக்டர்கிட்ட மறைச்சா விபரீதம். ஏன்னா அந்த நெலமையில நேரா ஐசோட்ரெட்டினாயின்ங்கிற கடும் பருவுக்கான மாத்திரையை முழு அளவுல குடுத்தா இன்னும் வெடிக்கும். முதல்ல ப்ரெட்னிசலோன்ங்கிற வீக்கத்தைக் கொறைக்கிற மாத்திரையில வீக்கத்தை அடக்கிட்டுத்தான் மெதுவா ஆரம்பிப்பாங்க.

மூணாவது வேர்வையும் இறுக்கமும். பனியன் ஊறிப்போய் ரெண்டு மணி நேரம் அப்படியே கெடக்குறது, பெஞ்சுல முதுகு தேயுறது. இதுக்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா ஏற்கெனவே அடைச்ச துளையை இது கெளப்பி விடும்.

பசங்களுக்கு ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் பாக்கச் சொல்றவங்களுக்கு ஒண்ணு கேக்குறேன்: பாத்துட்டு என்ன செய்யப் போறீங்க?

கடலைச்சுண்டல்
உணவுப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். "எண்ணெய்ப் பலகாரம் தின்னால் முகத்தில் எண்ணெய் வழியும்" என்பது தப்பு. தோலின் எண்ணெயைச் சுரப்பி தானே தயாரித்துக்கொள்கிறது, வடையிலிருந்து வாங்குவதில்லை. சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவுதான் கவனிக்க வேண்டியது. ரத்தச் சர்க்கரை ஏற, இன்சுலின் ஏற, எஸ்எச்பிஜி இறங்க, ஐஜிஎஃப்-1 கூட என்று சங்கிலி போகிறது.

இதற்கு ஓரளவு நல்ல சான்று 2007-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு. 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்கள், 12 வாரம், ஒரு குழுவுக்குச் சர்க்கரைச் சுமை குறைந்த உணவு. அந்தக் குழுவுக்குப் பரு எண்ணிக்கை கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அவர்களுக்கு எடையும் குறைந்தது, அதனால் எது உணவால், எது எடையால் என்று முழுசாகப் பிரிக்க முடியவில்லை. சின்ன ஆய்வு. அதை வைத்து யாரையும் பட்டினி போட வேண்டாம்.

நம் சமையலில் ஒரு தவறான நம்பிக்கை: சிறுதானியம் என்றாலே சர்க்கரை மெதுவாக ஏறும் என்பது. கேழ்வரகை நைசாக மாவாக்கிக் கூழ் காய்ச்சினால் சர்க்கரை வேகமாகவே ஏறும். அரிசியைக் கேழ்வரகாக மாற்றுவதைவிடத் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தில் சுண்டலோ பயறோ காயோ வைப்பது பலன் தரும். கொண்டைக்கடலைதான் என் பெயரிலேயே இருக்கிறதே. பாட்டில் பானம், பாக்கெட் ஜூஸ், தினசரி மூன்று வேளை இனிப்பு டீ, இவற்றைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

பால் விஷயத்தில் இருப்பவை பெரும்பாலும் யார் எவ்வளவு குடிக்கிறார்கள், யாருக்குப் பரு என்று கவனித்துப் பதிவுசெய்த ஆய்வுகள். கொழுப்பு நீக்கிய பாலோடு தொடர்பு சற்று அதிகமாகத் தெரிகிறது. காபியில் விடும் 80 மில்லியை நிறுத்துவதால் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். தினமும் அரை லிட்டர் குடிக்கிறவர் எட்டு, பத்து வாரம் குறைத்துப் பார்க்கலாம். வளரும் பிள்ளைக்குக் கால்சியம் வேறு வழியில் போகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டு.

மாத்திரைப்பெட்டி
மருந்துக்கடைக் கவுன்டரிலிருந்து பார்த்தால், வளர்இளம் பருவத்துப் பருவைக் கெடுப்பதில் முதல் இடம் வெளியிலிருந்து வரும் ஒரு ஹார்மோனுக்குத்தான்: ஸ்டீராய்டு கிரீம்.

அட்டையின் பின்பக்கம் படியுங்கள். பீட்டாமெதசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த கிரீமை "வெள்ளையாக்கும் கிரீம்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வாங்குகிறார்கள். அது மங்குவுக்கு, மருத்துவர் மேற்பார்வையில், சில வாரங்களுக்கு என்று எழுதப்படுவது. முதல் பத்து நாள் முகம் பளிச்சென்று இருக்கும், பரு அமுங்கும். ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்குவதால் வரும் ஏமாற்று அது. இரண்டாவது மாதத்திலிருந்து ஒரே அளவில், ஒரே மாதிரியான சிவந்த பருக்கள், தோல் மெலிவு, ரத்த நாளங்கள் தெரிவது, கன்னத்தில் பூனைமுடி. நிறுத்தினால் எரிச்சலோடு முகம் சிவந்து வெடிக்கும். பயந்து மறுபடி பூசுவார்கள். அப்படித்தான் வருஷக்கணக்கில் ஓடுகிறது. மேல்பூச்சு ஸ்டீராய்டுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் இந்திய அரசு அட்டவணை எச்-இல் சேர்த்தது. விதி ஒன்று, கவுன்டர் ஒன்று.

பரு கிளப்பும் மாத்திரைகளும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், மனநல மருத்துவத்தில் லித்தியம், அதிக அளவு பி12 ஊசி. இவற்றைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிய மருத்துவரிடம் "இதை ஆரம்பித்த பிறகு பரு வந்தது" என்று சொன்னால் போதும்.

தொண்ணூறுநாள்
சரி, ஹார்மோன்தான் வேர் என்று ஒப்புக்கொண்டால் ஹார்மோனையே அடிக்கும் மருந்தை எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே? எதற்கு களிம்பு, கிருமிக்கொல்லி என்று சுற்றி வளைக்க வேண்டும்?

மாத்திரைப்பெட்டி
ஏனென்றால் ஆணுக்கு ஆண்ட்ரோஜனை உடம்பு முழுக்க அடைக்க முடியாது. ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் மார்பு வீங்கும். அது பெண்களுக்கான மருந்து.

பெண்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்றால், சிறுநீர் பெருக்கி மாத்திரையாக வந்தது, ஆண்ட்ரோஜன் ஏற்பியையும் மறைக்கும். 25 அல்லது 50 மில்லிகிராமில் ஆரம்பித்து 100-க்குக் கொண்டுபோவார்கள். 2023-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் 410 பெண்கள். ஆறு வாரம் 50, பிறகு 100. 12 வாரத்தில் பலன் சுமார், 24 வாரத்தில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. அதனால் ஒரு மாதத்தில் "கேட்கவில்லை" என்று தூக்கிப் போடாதீர்கள்.

தடுமாறும் இடங்கள்: மாதவிலக்கு முன்பின் வரும், மார்பு வலி, எழுந்தால் தலைசுற்றல், அடிக்கடி சிறுநீர். ராத்திரி சாப்பிட்டால் தூக்கம் கெடும், காலைச் சாப்பாட்டோடு போடுங்கள். கர்ப்பத்தில் கூடவே கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் உறுப்பு வளர்ச்சி பாதிக்கலாம். பொட்டாசியம் ஏறுமா? சிறுநீரகம் நன்றாக உள்ள இளம்பெண்ணுக்கு அபாயம் மிகக் குறைவு, எப்போதாவது குடிக்கும் இளநீருக்குப் பயப்பட வேண்டாம். தினம் மூன்று இளநீர், சோடியம் குறைந்த உப்பு, சில ரத்த அழுத்த மாத்திரைகள், கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி இதெல்லாம் சேர்ந்தால்தான் கதை மாறும். கோட்ரைமாக்சசோலைச் சில இடங்களில் பருவுக்கே எழுதுகிறார்கள், அதனால் இரண்டு சீட்டையும் ஒரே கடையில் காட்டுங்கள்.

யாழ்நிலா
கருத்தடைக் குளிசையும் இதில வரும். எத்தினைல் எஸ்ட்ரடயோல் சேர்ந்த குளிசை சினைப்பை ஆண்ட்ரோஜனைக் குறைச்சு எஸ்எச்பிஜியைக் கூட்டும். அதோட ட்ரொஸ்பிரினோன், நோர்ஜெஸ்டிமேற், சைப்ரோட்டிரோன் மாதிரி புரோஜெஸ்டின் எண்ட மற்ற ஹோர்மோன் சேர்ந்தது பருவுக்கு நல்லம். மூண்டு மாதமாவது பாவிச்சாத்தான் தெரியும். முதல் மாதம் கூடக் கூடும்.

ஆனா கண்ணில மின்னல் வெட்டுற மாதிரித் தெரிஞ்சு பிறகு வாற ஒற்றைத் தலைவலி, காலில ரத்தம் கட்டினவை, குடும்பத்தில இளவயசில ரத்தக்கட்டி வந்தவை எல்லாரும் முதல்ல சொல்ல வேணும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறவைக்குக் குளிசை வேலை செய்யாது. பருவுக்குக் குடுக்கிற டொக்சிசைக்ளின் கிருமிக்கொல்லி குளிசையின்ர வேலையை அப்படிக் குறைக்காது, அது பழைய பயம்.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள ஊசி, கைக்குள்ள வைக்கிற குச்சி, கருப்பைக்குள்ள வைக்கிற லெவோநோர்ஜெஸ்ட்ரல் வளையம் சிலருக்குப் பருவைக் கூட்டும். "கருத்தடை போட்டனான், பரு கூடிட்டு" எண்டு வாறவையிட்ட எந்த வகை எண்டு முதல்ல கேக்க வேணும்.

சருமச்சாவடி
ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் ஹார்மோன் மருந்து ஒன்று இருக்கிறது: க்ளாஸ்கோட்டிரோன் 1% கிரீம். அமெரிக்காவில் 2020-இல் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அனுமதி கிடைத்தது. தோலிலேயே ஏற்பியை மறைத்துவிட்டு, ரத்தத்துக்குப் போகும்போது சிதைந்துவிடும்படி அமைத்த மருந்து. காலை, இரவு இரண்டு வேளை. தொண்ணூறுநாள் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் தனியாகப் பூசினால் பலன் நடுத்தரம்.

ஐசோட்ரெட்டினாயின் ஹார்மோன் மருந்து இல்லை, இருந்தாலும் சுரப்பியையே சுருக்கிவிடும். உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம், மொத்தம் கிலோவுக்கு 120–150 மில்லிகிராம் வரும்வரை. 50 கிலோ எடை, தினம் 25 மில்லிகிராம் என்றால் 6,000-ஐத் தொட 240 நாள் பிடிக்கும். கொழுப்புள்ள உணவோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் உடம்பில் சேருவது வெகுவாகக் குறையும். கர்ப்பம் கண்டிப்பாகக் கூடாது, நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும். டாக்சிசைக்ளினோடு சேர்க்கக் கூடாது, மூளைக்குள் அழுத்தம் கூடும். பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு இதை முடித்த பிறகும் பரு திரும்பலாம், ஏனென்றால் ஹார்மோன் பக்கம் அப்படியே இருக்கிறது.

வைகைக்கரை
ஒரே மாதிரி பொடிப்பொடியா நெத்தி, நெஞ்சு, முதுகுல வந்து அரிச்சுக்கிட்டே இருந்தா, பிளாக்ஹெட் ஒண்ணுகூட இல்லாட்டி, அது பருவே இல்லாம இருக்கலாம். மலசீசியா பூஞ்சை. சித்திரை, வைகாசிப் புழுக்கத்துல நெறைய பாக்கலாம். கிருமிக்கொல்லி மாத்திரை போடப்போட கூடும். ஹார்மோனைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாக்கச் சொல்லுங்க. தலைக்கு வச்ச தேங்காயெண்ணெய் நெத்தியில வழியுறதும் ஒரு தனி வியாதி.

சருமச்சாவடி
சரியான திருத்தம். மருத்துவரைப் பார்க்கும்வரை, லேசான பருவுக்கு எல்லா ரிப்போர்ட்டுக்கும் பொதுவான ஒரு வழக்கம்:

இரவில் முகம் கழுவி, துடைத்து, 15–20 நிமிஷம் காயவிடுங்கள். அடாபலீன் 0.1% ஜெல் ஒரு பச்சைப் பட்டாணி அளவு, முழு முகத்துக்கும் அவ்வளவுதான். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதால் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாத அடைப்பு பருவாகத் தெரிய எட்டு வாரம் ஆகும், அந்த அடைப்பு எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. கண், உதட்டோரம், மூக்கு மடிப்பு விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிந்தால் முன்னும் பின்னும் வாசனையில்லாத ஈரப்பதக் கிரீம். முதல் மாதம் கொஞ்சம் கூடித் தெரியலாம். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றாலோ வேண்டாம். அவர்களுக்கு அசெலாயிக் ஆசிட் இருக்கிறது, நம் நிறத் தோலில் பரு விட்டுப்போகும் கருந்தழும்புக்கும் அது உதவும்.

காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5%, பிறகு சன்ஸ்கிரீன். 5, 10% எடுத்தால் எரிச்சல்தான் கூடும், பலன் அந்த அளவுக்குக் கூடாது. கிளிண்டாமைசின் ஜெல் எழுதியிருந்தால் தனியாகப் பூசாதீர்கள், பெராக்சைடு கூடவே இருந்தால்தான் கிருமி பழகிப்போகாது. டாக்சிசைக்ளின் மாத்திரை மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, போட்டவுடன் படுக்காமல், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண். எலுமிச்சைச் சாறு வேண்டாம், வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்பும்.

12 வாரம் விடாமல் செய்தும் மாறவில்லை, அல்லது ஆழமான வலிக்கட்டிகள், குழித் தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது என்றால் இந்த இழையைப் படிப்பதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். குழித் தழும்பு என்றால் 12 வாரமும் காத்திருக்க வேண்டாம்.

குழாய்நம்பர்7
போகும்போது கையில் வைத்துக்கொள்ள: கடைசி ஆறு மாத மாதவிலக்குத் தேதிகள், பூசிய களிம்புகளின் அட்டைகள், மாத்திரைப் பட்டியல், பயோட்டின், புரோட்டீன் பவுடர் உட்பட. பழைய ஹார்மோன் ரிப்போர்ட் இருந்தால் அது எத்தனையாவது நாளில் எடுத்தது என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

தொண்ணூறுநாள்
கடைசியாக ஒன்று. பென்சாயில் பெராக்சைடில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் என்று செய்தி வந்ததே, அதைத் தொடலாமா?

மாத்திரைப்பெட்டி
சூட்டில் சிதைந்தால் பென்சீன் உருவாகும், அது வேதியியல். அதனால் வண்டி டிக்கியிலும் ஜன்னல் வெயிலிலும் ட்யூபை வைக்காதீர்கள். தேதி முடிந்ததைத் தூக்கிப் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்தால் நல்லது. அப்புறம் வெள்ளைத் தலையணை உறை, வெள்ளைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கலர் துணி எதுவாக இருந்தாலும் அது வெளுத்துவிடும், கடைக்காரரிடம் வந்து சண்டை போட வேண்டாம்.